நூல் நிழலும் நாலு செல்போனும்

தொழுகைக்குக் கஅபாவை நோக்கி நிற்கும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் மேற்கைக் காட்டும். தொழ நிற்பவருக்கு அது போதலாம். பள்ளிவாசலுக்கு வானம் தோண்டுகிறவருக்குப் போதாது. சென்னையிலிருந்து பார்த்தால் மக்கா நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே தள்ளியிருக்கிறது. காயல்பட்டினத்தில் அந்தச் சாய்வு 23 பாகையைத் தாண்டும்.

நான் கிப்லாவுக்குக் குறி போடப் போகும் இடத்திலெல்லாம் முதல் வழக்கு செல்போனோடுதான். நாலு பேர் நாலு போனை நீட்டுவார்கள். முள் நாலு பக்கம் நிற்கும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஒன்றிரண்டு பாகைதான். பக்கத்தில் குவித்திருக்கும் கம்பிக்கட்டுதான் முள்ளை இழுக்கிறது. சரி, கணக்கை எழுதிக் காட்டலாமென்றால் ஜமாஅத்துப் பெரியவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பழைய பள்ளியின் சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால், அவசரமில்லாத வேலை என்றால் மே 28 வரை பொறுக்கச் சொல்லிவிடுவேன். அன்று மக்காவின் நடுப்பகலில் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். நமக்கு அப்போது பிற்பகல் 2.48. கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நிமிஷத்தில் நூலின் நிழல்மேல் சுண்ணாம்புக்கோடு இழுத்தால் முடிந்தது. கோட்டில் நின்று சூரியன் இருக்கும் பக்கம் திரும்பினால் அதுவே கிப்லா. முந்தைய நாள் பார்த்தாலும் பாதகமில்லை. அக்னி வெயில் ஓயாத நாட்கள், வானம் பெரும்பாலும் ஏமாற்றாது. ஜூலை 16, 2.57க்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அந்த மாதத்து மேகத்தை நம்பி ஆளைக் காக்கவைக்க எனக்குத் துணிவில்லை. கணக்குக்குத் தலையாட்டாத பெரியவர்தான் நிழலுக்கு முதலில் கயிறு பிடிக்க வருவார்.

தொழுகை நேர அட்டவணைக்கும் நிழல்தான் அடிப்படை. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11.53க்கே உச்சி சாய்ந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.23 ஆகும். நண்பகல் தொழுகையான லுஹருடைய நேரம் இப்படி அரைமணி அலைகிறது. நடுப்பகலில் விழும் நிழலைக் கழித்து, மிச்ச நிழல் குச்சியின் உயரத்துக்குச் சமமானால் ஷாஃபி வழியினருக்குப் பிற்பகல் தொழுகையான அஸர். ஹனஃபி வழியினருக்கு இரு மடங்காக வேண்டும். கரையோர ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், உள்நாட்டுப் பக்கம் ஹனஃபிகள். எனவே அஸருக்கு மட்டும் இரண்டு பத்தி.

விடியல் தொழுகையான சுபுஹுதான் சிரமம். பொய் விடியல் கிழக்கே செங்குத்தாக எழும்பி மங்கிவிடும். மெய் விடியல் அடிவானத்தோடு அகலப் பரவும். கடலைப் பார்த்த ஊரில் இதைக் கண்ணால் பழகலாம். நகர வெளிச்சத்தில் வாய்ப்பில்லை, கணக்குதான். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை என்பார் ஒருவர், 15 என்பார் இன்னொருவர். நம் ஊர்களில் இரண்டுக்கும் இடையே 12, 13 நிமிஷம். இங்கே காட்டிச் சம்மதிக்கவைக்க நிழலும் கிடையாது. நோன்பு மாதத்தில் நான் 18 பாகையைத்தான் எழுதிக்கொடுக்கிறேன், ஸஹர் உணவு சற்று முன்னதாகவே முடியட்டும் என்று. பாங்கு சொல்லி இருபது நிமிஷம் கழித்து ஜமாஅத் தொழுகையை வையுங்கள் என்று மோதினாரிடமும் சொல்லிவைப்பேன். 15 பாகைக்காரருக்கும் அதற்குள் விடிந்திருக்கும்.