ஊர்ப்பெயர் எவர் உடைமை?

சுவிற்சர்லாந்தின் வோ மாநிலத்தில் ஷாம்பேன் என்றொரு சிற்றூர் உண்டு. 885ஆம் ஆண்டு ஆவணத்திலேயே காணப்படும் பழம்பெயர் அது. அவ்வூரார் ஏறத்தாழ 28 ஹெக்டேயர் தோட்டத்தில் விளையும் திராட்சையிலிருந்து நுரைக்காத வெண்மதுவை வடித்து, ஊர்ப்பெயரிலேயே விற்றுவந்தனர். பிரான்சின் ஷாம்பேன் பிரதேசமோ 30,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட தோட்டங்களைக் கொண்டது. அதன் நுரைமது உலகறிந்தது.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுவிற்சர்லாந்து செய்த உடன்படிக்கையின் பயனாக, 2004 முதல் அச்சிற்றூர்ப் போத்தல்களில் அவ்வூரின் பெயரே விலக்கப்பட்டது. ஊரார் ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடினர். 2007இல் அவ்வழக்கு ஏற்கப்படவில்லை. பின்னர் மாநில அரசு இசைந்தளித்த பெயரையும் 2021இல் மாநில நீதிமன்றம் நீக்கிற்று.

பெயர்க்காப்பு வேண்டாமென்பதன்று என் கருத்து. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புவிசார் குறியீடு பெற்றமை நமக்கும் நன்மையே. ஆயின் பிறர் பெயரைத் திருடுவது வேறு. தன் பெயரைத் தான் சொல்வது வேறு.

வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் என் ஊர். தமிழ்நாட்டுப் பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு செட்டிகுளம் உண்டு. நாளை அவ்வூர் அரிசியாற் பெரும்புகழ் எய்துமாயின், எங்கள் வயலில் விளைந்த அரிசியின் பொதியில் எங்கள் ஊர்ப்பெயரை எழுதலாகாது என்பது நீதியாகுமா?

ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரையும் எழுதுக என்று விதித்தாற் போதும். வாங்குவோர் மயங்கார், சிற்றூராரும் தம் பெயரை இழவார்.