லிங்கநகரில் ஒரு பழைய படகு

 

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசர் மலையையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். துறைமுகப் பக்கமுள்ள லிங்கநகருக்குச் சுற்றிப் பார்ப்பதற்கென்று யாரும் போவதில்லை. இம்முறை நான் உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். நம் கரையோர வீடுகளில் எத்தனையோ பெண்களின் கழுத்து நகை படகாகவும் என்ஜினாகவும் மாறுகிறது. அந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது என்று நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் இடத்தைச் சொல்லி விடுகிறேன். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் திருகோணமலையும் ஒன்று. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்ததும் இங்கேதான். நிலம் அணைத்து நிற்பதால் உள் துறைமுகத்தின் நீர் குளம் போலக் கிடக்கும். அதற்குத் தெற்கே கொட்டியாரக் குடா. அதன் தென்கரையில் மூதூர். 335 கிலோ மீட்டர் ஓடி வரும் மகாவலி கங்கை இந்தக் குடாவில்தான் கலக்கிறது. குடா கிழக்கே கடலுக்குத் திறந்திருக்கிறது. வாடைக் காற்றுக் காலத்தில் அலை பொல்லாதது. உள்ளே அமைதி, வெளியே அலை. இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

மூதூர்ச் சகோதரர் ஒருவர் பதினெட்டு அடி பைபர் படகொன்றைப் பார்க்க லிங்கநகருக்குப் போனார். என்னையும் சாட்சிக்கு அழைத்துக் கொண்டார். பின்னால் பூட்டும் 15 குதிரை வலு என்ஜின், பல ஆண்டு உழைத்தது. விற்பவர் வயதான தமிழ் மீனவர்.

“தம்பி, முதல்ல என்ஜினைத் தொட்டுப் பாருங்கோ” என்றார் பெரியவர். தொட்டோம். குளிர்ந்திருந்தது.

“நீங்க வர முந்தி ஓட்டி வச்சிருந்தா சூடா இருக்கும். சூடான பழைய என்ஜின் ஒரே இழுவையில பிடிச்சிடும். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை சொல்லும்.”

நான்காவது இழுவையில்தான் என்ஜின் பிடித்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. என்ஜின் பூட்டும் பின்பலகையில் தாம் ஒட்டுப் போட்ட இடத்தைத் தாமே காட்டினார். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டில் தடையின்றிப் பீச்சுகிறதா என்று பார்க்கச் சொன்னார். கீழ்ப்பகுதி கியர் எண்ணெயைச் சிறிது வடித்துக் காட்டினார். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்துவிட்டது என்று பொருளாம்.

“துறைமுகத்துக்குள்ள எந்த என்ஜினும் நல்லாத்தான் ஓடும். வெளியால குடாவுக்குக் கொண்டு போய்ப் பாருங்கோ” என்றார்.

போனோம். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பின், வேகத்தைக் குறைக்கும் போதெல்லாம் என்ஜின் இருமியது. அந்தப் பழுதுக்கு ஏற்ப விலையைக் குறைத்துப் பேசி முடித்தார்கள். இது சிறிய விஷயமல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் குடிக்கும் என்ஜின் பிடித்த மீனையெல்லாம் தானே தின்று விடும்.

சகோதரிகளே! நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் கண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கேட்டார்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள் என்ற பெரியவர் இந்த நபிமொழியைக் கேட்டிருப்பாரோ என்னவோ, அதன்படி நடந்தார். ஓதித் தெரிந்த நாம் விற்கும்போது எப்படி நடக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். மறைந்திருந்த குறை பின்னர் தெரிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ‘கியாருல் ஐப்’ என்று பிக்ஹு நூல்கள் கூறுவது இதைத்தான். ஷாபிஈ மத்ஹபின்படி குறையைக் கண்டதும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும்.

இனி உங்கள் பங்கு. நகை உங்களுடையது, கணவரின் சொத்தல்ல. மனமுவந்து கொடுங்கள், ஆனால் அன்பளிப்பா கடனா என்பதைத் தெளிவாகப் பேசிக் கொள்ளுங்கள். கடன் என்றால் எழுதி வையுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதச் சொல்கிறது. கணவன் மனைவிக்கு அதில் விலக்கில்லை. காசு கைமாறும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். என்ஜினைக் குளிர்ந்த நிலையில் தொடங்கிப் பார்த்தீர்களா? வெளிக்கடலில் ஓட்டினீர்களா? என்ஜின் இலக்கமும் படகின் பதிவும் ஒத்திருக்கின்றனவா? கடற்றொழில் திணைக்களத்தில் பெயர் மாற்றியாயிற்றா?

ஐந்தாவதாக ஒன்று: உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது? 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அது பெருங்கடலல்ல, களப்புத் தண்ணீர். என்ஜினுக்குப் பேரம் பேசிய பணத்தில் மிச்சமாவதை முதலில் அந்த அங்கிகளுக்குச் செலவிடச் சொல்லுங்கள். கணவரும் பிள்ளைகளும் கரை திரும்புவதற்கு எந்த நகையும் ஈடாகாது.