விழிக்குள் ஒரு வில்லை

முன்னாளில் கண்புரையை அகற்றிய பின் தடித்த மூக்குக்கண்ணாடியே கதி. அதை அணிந்த முதியோர் பொருநைப் படித்துறையில் காலால் தடவித் தடவி இறங்கியதை நாம் கண்டதுண்டு. 1949-இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி விழிக்குள்ளேயே வில்லையைப் பொருத்தினார். ஆயினும் நெடுங்காலம் அயல்நாட்டு வில்லை ஏழைக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. நெல்லையில் 1988 முதல் இயங்கிவரும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மதுரையே தாயகம். அம்மதுரையில் 1992-இல் அரோலேப் தோன்றியபின் வில்லைகள் மலிவாயின.

மலிவு என்றதும் தரம் பற்றிய ஐயம் எழுவது இயல்பே. எம் பாட்டியாரின் அறுவை மருத்துவத்திற்கு முன் நமக்கும் எழுந்தது. விசாரித்து அறிந்தோம்: வில்லையில் கீறலோ பிசிறோ உண்டா என்று உருப்பெருக்கியில் நோக்குவர், எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்குவர், உறையின் ஒட்டு பிசகினாலும் தள்ளிவிடுவர். யாவற்றினும் நாம் பெரிதென மதிப்பது திறனளவையே. வெறுங்கண்ணுக்கு எல்லா வில்லையும் ஒன்றுபோலவே தோன்றும். திறன் உறையின்மேல்தான் அச்சிடப்பட்டிருக்கும். அதில் 21 டயாப்டர் என்றிருக்க உள்ளே 24 இருந்தால், மருத்துவரின் கைத்திறன் அத்தனையும் வீண். தொலைவிலுள்ள முகங்கள் மங்கும். எளிய நோயாளியோ எவரிடமும் முறையிடார். தம் முதுமையையே நொந்துகொள்வார்.

அதனாலன்றோ உறையிலுள்ள சீட்டை வரிசை எண்ணோடு மருத்துவக் குறிப்பில் ஒட்டுகின்றனர்! எழுத்தறியாத எம் பாட்டியார் அதனைக் குடும்ப அட்டையோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.