கிழிந்த வேலைச் சட்டையில் பிறந்த கலை! - அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமம்

அலபாமா ஆறு அந்த ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மீதமிருக்கும் பக்கத்தில் ஊருக்குள் போக ஒரே ஒரு சாலை. அமெரிக்காவின் தென்பகுதியில், வில்காக்ஸ் கவுன்ட்டியில் இருக்கும் இந்தச் சிற்றூரின் பெயர் கீஸ் பெண்ட். அரசுப் பதிவேட்டில் பாய்கின். சுற்றுலாப் பயணிகளை இழுக்க அருவியோ கோட்டையோ இங்கே கிடையாது. ஆனால், இந்த ஊர்ப் பெண்கள் கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த 'குவில்ட்' போர்வைகள், நியூயார்க்கின் புகழ்பெற்ற அருங்காட்சியகங்கள் வரை போயிருக்கின்றன.

ஊரெல்லாம் பெட்வே

இங்கே பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. ஆனால், எல்லோரும் ஒரே ரத்தம் இல்லை. 1845-ல் இங்கிருந்த பருத்தித் தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு வந்தது. வட கரோலினாவிலிருந்து தன் அடிமைகளை அவர் நடத்தியே கூட்டிவந்தார். முதலாளியின் பெயரே அவர்கள் பெயரானது. அவர்களின் வாரிசுகள்தான் இன்றைய ஊர்க்காரர்கள்.

அடிமை முறை ஒழிந்த பிறகு குத்தகை விவசாயமும் கடனும் பிடித்துக்கொண்டன. 1932-ல் கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோக, அவர் குடும்பத்தினர் வீடு வீடாக ஆளனுப்பி கால்நடை, கலப்பை, சேமித்துவைத்த தானியம் என எல்லாவற்றையும் அள்ளிப்போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊரைக் காப்பாற்றியது செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவு.

குளிருக்குத் தைத்த போர்வை

அன்றைய வீடுகள் மரப்பலகை வீடுகள். இடுக்கு வழியே வரும் காற்றைத் தடுக்கச் சுவரில் பழைய செய்தித்தாள்களை ஒட்டினார்கள். படுக்கைக்குக் குவில்ட். கிழிந்த ஜீன்ஸ், வேலைச் சட்டை, உரச் சாக்கு, மாவு மூட்டைத் துணி என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி இணைத்தார்கள். உள்ளே வைக்கும் பஞ்சையும் குச்சியால் அடித்துத் தாங்களே தயார் செய்தார்கள்.

வெயிலில் வெளுத்துப்போன பேன்ட்டின் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். அதன் அடியில் மட்டும் துணி புதுசு போல அடர்நீலமாக இருக்கும். முட்டி போட்டு வேலை செய்த இடம் தேய்ந்து வெளிறியிருக்கும். இந்தத் தடங்களைக் கீஸ் பெண்ட் பெண்கள் மறைக்கவில்லை. அவையே போர்வையின் டிசைன் ஆயின.

நடுவில் ஒரு சதுரம் வைத்து, சுற்றிச் சுற்றிப் பட்டைகள் சேர்த்தால் அது 'ஹவுஸ்டாப்'. மேலிருந்து பார்க்கும் வீட்டுக்கூரை மாதிரி இருக்கும். எந்த முறைக்கும் கட்டுப்படாமல் தோன்றியபடி தைத்தால் 'மை வே', அதாவது என் இஷ்டம்.

1942-ல் மிசௌரி பெட்வே தைத்த குவில்ட், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளால் ஆனது. அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகள் அர்லோன்சியாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தைத்தார். நம் வீடுகளில் பாட்டியின் பழைய சேலை பேரப்பிள்ளைக்குத் தூளியாவதை நினைத்தால் அந்த மனசு புரியும்.

நின்றுபோன படகு

ஆற்றின் எதிர்க்கரையில்தான் கவுன்ட்டியின் தலைநகரான கேம்டன். கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அங்கே போகத் தொடங்கியபோது, 1962-ல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. படகில் சுமார் கால் மணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு, ஒரு மணி நேரம் சாலையில் சுற்ற வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கே வந்து பேசினார். ஓட்டுரிமை கேட்டதற்காகச் சிலர் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள்.

அடுத்த ஆண்டே, இந்த வட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். ஊசி பிடித்த கைக்குச் சொந்தச் சம்பாத்தியம் வந்தது. சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்தபோது மிஞ்சிய துண்டுகளும் வீட்டுப் போர்வைகளில் சேர்ந்தன.

2002-ல் இந்தக் குவில்ட்டுகள் ஹூஸ்டனிலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அப்போதும் அவற்றைத் தைத்த பெண்களுக்கு ஆற்றைக் கடக்கப் படகு இல்லை. 44 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006-ல்தான் அது திரும்ப வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை கீஸ் பெண்ட் குவில்ட்டுகளின் படத்தோடு 10 தபால்தலைகளை வெளியிட்டது.

எப்போது போகலாம்?

அக்டோபர் நல்ல சமயம். 2022-ல் தொடங்கிய 'ஏரிங் ஆஃப் தி குவில்ட்ஸ்' விழா அந்த மாதத்தில்தான் நடக்கிறது. குளிர்காலத்துக்கு முன் போர்வைகளைக் கொடியில் போட்டுக் காற்றாட விடும் பழைய வழக்கம் இன்று ஊர்த் திருவிழாவாகிவிட்டது. தைத்தவர்களிடமே பேசலாம், நேரடியாக வாங்கலாம். கேம்டனிலிருந்து படகிலேயே போங்கள். 2019 முதல் அது மின்சாரத்தில் ஓடுகிறது. ஏறும் முன் அன்றைய படகு நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.