ஊக்கமும் அளவுகோலும்

சென்ற ஆண்டு பெரிய கொள்முதல் ஒன்று ரத்தாகி, ஆம்பூரில் எங்கள் சிறு தோல் வணிகம் இரு மாதங்கள் முடங்கிக் கிடந்தது. அந்நாள்களில் எனக்குத் துணை நின்றவை எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘கவலைப்படாதே’ ஆகிய நூல்கள். 1922இல் தொண்டியில் பிறந்த அப்பெருந்தகை, இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தையும் தமிழுக்குத் தந்தவர். அந்நூல்கள் தந்த துணிவில் பழைய வாடிக்கையாளர்களை மீண்டும் நாடிச் சென்றேன்.

எனினும், ஊக்கம் மட்டும் போதாது. தோல் சதுர அடிக் கணக்கில் விற்பனையாவது. ஒவ்வொரு தோலுக்கும் கால் அடி கூட்டி எழுதினால் எளிதில் எவருக்கும் தெரியாது. நெருக்கடியில் சிக்கியவனுக்கு முதலில் தோன்றும் குறுக்குவழியும் அதுவே. அங்கே என்னைத் தடுத்து நிறுத்தியது திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம். அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்தே அது தொடங்குகிறது.

தொழில் தொடங்கும் இளைஞர்களே, முன்னேற்ற நூல்களைத் தாராளமாகப் படியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மறுநாளே செய்யத்தக்க ஒரு செயலைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்செயல் ஈட்டித் தரும் பொருள் ஹலாலானதா என்று உறுதி செய்த பின்னரே அதனைக் கல்லாவில் இடுங்கள். வல்ல இறைவன் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக!