நிழலும் கூரையும்

வேலை கிடைக்காமல் அலைவது ஒரு துன்பம். கிடைத்த இரண்டனுள் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று தடுமாறுவது மற்றொரு துன்பம். முன்னது வறுமையால் வருவது. பின்னது வாய்ப்பால் வருவது. வாய்ப்பினால் விளையும் துன்பத்தைத் துன்பமென ஊரார் ஒப்புவதில்லை. ஆதலின் அதனைத் தனித்தே சுமக்க நேர்கின்றது. மலாக்கா மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்று கற்றுத் தேர்ந்த இளையோர் பலர் இச்சுமையைத் தாங்குகின்றனர்.

வீடும் வேலையும் ஓரிடத்தில் அமைதல் இம்மாநிலத் தமிழருக்குப் புதியதன்று. 1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டமென வரலாறு குறிப்பது அதனையே. பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழரும் பெருகினர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர் லயத்து வாசலிலிருந்து நடந்தே நிரைக்குச் சென்றனர். கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கடை யாவும் ஒரே வேலிக்குள் இருந்தன. நோயுற்றால் நலம் கேட்கவும், இறந்தால் தோள் கொடுக்கவும் அடுத்த வீட்டார் இருந்தனர்.

எனினும் அவ்வீடு அவர்களுடையதன்று. வேலை போயின் வீடும் போகும். 1950களில் ஐரோப்பியர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபோது, கூலியையும் கூரையையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் எண்ணற்றவை. அந்நிலைக்கு மாற்றாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டம் வாங்கும் முதலாயிற்று. தம் காலடி நிலம் தமக்கே உரியதாதல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருள்.

1970களில் பத்து பெரண்டாமில் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். வீடு வேறு, வேலை வேறு என்றாயிற்று. பின்னர் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாடெங்கும் நடப்புக்கு வந்தது. அலுவலகங்கள் அடைபட்டன, உணவு மேசையே எழுதுமேசையாயிற்று. பிரிந்த வீடும் வேலையும் மீண்டும் கூடின.

ஜாசினில் வாழும் ஒரு பெண்ணின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தாயார் பால்மரம் வெட்டியவர். மகள் கணக்கியல் பயின்றவர். ஆயர் கெரோவில் ஓர் அலுவலகத்தில் மாதம் 3,000 வெள்ளிக்குப் பணிபுரிகின்றார். அவரைத் தேடிச் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே பணி, மாதம் 4,000 வெள்ளி, ஒப்பந்த முறை, இரு வாரத்திற்குள் விடை வேண்டும். தாயாருக்கோ வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்பு. வீட்டிலிருந்தால் அவரை அருகிருந்து பேணலாம். இதில் தயங்குதற்கு என்ன உண்டு என்று உறவினர் வியந்தனர்.

வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அழிவதையும் ஆவதையும் எண்ணி, அதன்பின் விளையும் ஊதியத்தையும் கருதிச் செயலில் இறங்குக என்பது அதன் தொடக்கம். அப்பெண்ணும் அவ்வாறே கணக்கிட்டார். இப்போதைய முதலாளி ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 13 வீதம் செலுத்துகின்றார். அது மாதம் 390 வெள்ளி. ஆண்டுக்கு 4,680 வெள்ளி. ஒப்பந்தப் பணியில் அப்பங்கு இல்லை. ஆகவே ஆயிரமாகத் தோன்றிய வேறுபாடு 610 வெள்ளியாகச் சுருங்கிற்று. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பும் அங்கு இல்லை. பெட்ரோல் செலவு மிஞ்சும் என்பது உண்மையே. இவ்வளவும் எண்ணில் அடங்குவன.

எண்ணில் அடங்காதது ஒன்று எஞ்சியது. முந்திய ஆண்டு தாயார் மலாக்கா மருத்துவமனையில் கிடந்தபோது, அலுவலகத் தலைவியான சீன மாது, "முதலில் அம்மாவைப் பாருங்கள், கணக்கு எங்கும் ஓடிவிடாது" என்றார். உடன் பணிபுரிந்த மலாய்த் தோழியர் அவர் வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். அப்பெண் வெயிலில் நின்று நிழலை அறிந்தவர்.

ஆனால் நன்றி வேறு, கட்டுண்டு கிடத்தல் வேறு. நல்ல தலைவி நாளை மாற்றலாகிப் போகலாம். தோட்டத்திலும் நல்ல துரை இருந்ததுண்டு. அவர் சென்றபின் வந்தவர் அவரைப் போல் இருந்ததில்லை. ஒருவரின் நல்லுள்ளத்தை மட்டும் நம்பி வாழ்வை அமைத்தல் பிறர் கூரையின்கீழ்ப் படுப்பதை ஒக்கும்.

தாயாரிடம் கேட்டபோது அவர் கூறியது சுருக்கமானது: "எங்க காலத்துல வேலையும் வீடும் ஒண்ணாதான் இருந்திச்சு, கண்ணு. வீட்டுக்கு வந்தாலும் தண்டல் குரல் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். எனக்காகன்னு நீ வீட்டுக்குள்ள அடைஞ்சுடாதே. உனக்கு நாலு மனுசங்க வேணும்."

நாட்டின் சட்டம் இன்று மூன்றாவது வழியொன்றையும் திறந்துள்ளது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பெற்று, 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி ஒரு தொழிலாளி தம் வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் விடை தருதல் வேண்டும். மறுப்பின் காரணம் கூறுதல் வேண்டும். கட்டாயம் இசைதல் வேண்டும் என்று சட்டம் கூறவில்லை.

அப்பெண் வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து பணிபுரிய விண்ணப்பித்தார். சிங்கப்பூர் நிறுவனத்தின் இரு வாரத் தவணை முடிந்தபோது அலுவலகத்தின் விடை வந்திலது. எது வரும் என்று அறியாமலே அவ்வழைப்பை மறுத்தெழுதினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. முப்பத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. மூன்று நாளன்று; இரண்டு நாள். சுத்திகரிப்புக்குரிய மூன்றாம் நாளுக்கு அண்டை வீட்டு அக்காள் துணைவர ஒப்புக்கொண்டார். 610 வெள்ளி போயிற்று. எழுத்தில் அமைந்த உரிமையொன்று கையில் நின்றது.

இதுவே எல்லார்க்கும் உரிய முடிவென்று கொள்ளுதல் தகாது. தாயார் படுக்கையில் கிடப்பவராயின், அண்டையில் உதவுவார் இலராயின், சிங்கப்பூர் வேலையே அறிவுடைமையாகும். இணக்கமற்ற அலுவலகத்தில் உழல்பவர்க்கும் அஃதே பொருந்தும். தராசு ஒன்றே; தட்டில் வைப்பன வேறு வேறு.

பள்ளியில் மாணவர்க்குக் கூட்டலும் கழித்தலும் கற்பிக்கப்படுகின்றன. சம்பளச் சீட்டைப் படிக்கவும், ஒப்பந்தத்தில் இல்லாததைத் தேடிக் காணவும், உரிமையைப் பணிவோடு எழுதிக் கேட்கவும் அவர்களுக்குக் கற்பித்தல் நலம். பாட்டனார்க்கு அவ்வாறு கேட்கும் வழி அரிதாயிருந்தது. பேரப் பிள்ளைக்கு அவ்வழி உண்டு. அது விண்ணப்பமாக எழுதப்பட்டால்தான் பயன் தரும்.