தாளில் விழுந்த பள்ளம்

வீங்கின கால்ல கட்டைவிரலை அழுத்தி எடுத்தா ஒரு பள்ளம் விழும், பாத்திருப்பீங்க. இதயம், சிறுநீரகம் பாதிச்சவங்ககிட்ட நாங்க தினமும் பாக்கிறதுதான். அப்படி ஒரு பள்ளத்தை ஓவியக் கூடத்துச் சுவர்ல பாத்தேன். அதைப் பத்தின த்ரெட் இது. மருத்துவக் குறிப்பு எதுவும் இல்ல, தேடாதீங்க.

மூணு வருஷமா லினோகட் பண்றேன். லினோலியம் துண்டை உளியால செதுக்கி, மேல மையை உருட்டி, தாளை வச்சு கரண்டி முதுகால தேய்ச்சு எடுக்கிற அச்சு. செதுக்கின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நைட் டியூட்டி முடிஞ்சும் தூக்கம் வராத காலைகளுக்கு ஏத்த வேலை. எதைச் செதுக்கலாம்னு போன்லதான் தேடுவேன். மீன், யானை, கோபுரம். நல்லாவே வந்துச்சு. யாரோ ஏற்கெனவே செதுக்கினதை நானும் செதுக்கினேன், அவ்வளவுதான்.

போன வருஷம் எங்க வார்டுல ஒரு தாத்தா இருந்தார். ராத்திரி எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ் போனாலும் பாட்டி பக்கத்துல உக்காந்து பனையோலை விசிறியால வீசிக்கிட்டே இருப்பாங்க. மேல ஃபேன் ஓடும், ஆனாலும் நிறுத்த மாட்டாங்க. தாத்தா பிழைக்கல. அந்த வாரமே பாட்டியோட முகத்தைச் செதுக்க ஆரம்பிச்சேன். பாதியில கை ஓடல. அவங்களைக் கேக்காம அவங்க துக்கத்தை எடுத்துட்டு வந்துட்ட மாதிரி இருந்துச்சு. லினோ டிராயருக்குள்ள போயிடுச்சு.

ஒரு ஆஃப் நாள்ல ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போனேன். சென்னைக்காரங்க பலர் ஈசிஆர்ல அதைத் தாண்டியே போயிருப்பீங்க. 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கின கிராமம். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செஞ்சு வித்து, அந்த வருமானத்துல தங்கள் ஓவியத்தைக் காப்பாத்திக்கிட்டவங்க. (அரசுச் சம்பளத்துல லினோ வாங்குற எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.)

அங்கே ஒரு எட்ச்சிங் முன்னாடி நின்னேன். உலோகத் தகட்டை அமிலத்தால அரிச்சு, பள்ளத்துல மையை நிரப்பி, ஈரத் தாளை வச்சு பிரஸ்ல அழுத்தி எடுக்கிறது அது. பக்கவாட்டுல நின்னு பாத்தா, தகடு அழுத்தின இடம் முழுக்கத் தாள் அமுங்கியிருந்துச்சு. சுத்தி ஒரு விளிம்பு. அந்தப் பள்ளம் போன்ல தெரியவே தெரியாது. ஏதோ ஒண்ணு உண்மையிலேயே இந்தத் தாளைத் தொட்டிருக்குன்னு அங்கேதான் உறைச்சுது. நீங்க போனா நேரா நின்னு மட்டும் பாக்காதீங்க, வெளிச்சம் சாய்வா விழுற பக்கமும் போய் நில்லுங்க. கீழே பென்சில்ல 7/20 மாதிரி எழுதியிருந்தா, இருபது பிரதியில ஏழாவதுன்னு அர்த்தம்.

பக்கத்துலயே ஒரு மரச்செதுக்கு அச்சு. முக்கால்வாசி கறுப்பு. ஒரு தோளும் குனிஞ்ச கழுத்தும் மட்டும் வெள்ளைக் கோட்டுல. முகம் கிடையாது. ஆனா அது யாரோ ஒருத்தர்னு சந்தேகமே வரல. ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன்.

திரும்பி வர்றப்போ கேத்தே கோல்விட்ஸ் ஞாபகம் வந்தாங்க. ஜெர்மனிக்காரர். கணவர் பெர்லின்ல ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், அவரைத் தேடி வந்தவங்களைப் பாத்துத்தான் இவங்க நிறைய வரைஞ்சாங்க. 1914ல மகன் பீட்டர் போர்ல இறந்துட்டான். அந்தத் துக்கத்துக்குச் சரியான வடிவம் பல வருஷமாக் கிடைக்கல. 1920ல பெர்லின்ல ஒரு கண்காட்சியில எர்ன்ஸ்ட் பார்லாஹோட மரச்செதுக்குகளைப் பாத்த பிறகுதான் மரத்துக்கு மாறினாங்க. 'போர்' வரிசையின் ஏழு அச்சுகளும் அதுக்கப்புறம் வந்தவைதான்.

வீட்டுக்கு வந்து புது லினோ எடுத்தேன். முகம் வேண்டாம். ஒரு கை, ஒரு விசிறி, மீதி எல்லாம் கறுப்பு. நாலு ராத்திரி ஆச்சு.

படம் எங்கேன்னு கேப்பீங்க. போடல. பாட்டி எந்த ஊர்னு கேஸ் ஷீட்ல இருக்கும், ஆனா அதுக்காக அதை எடுத்துப் பாக்கிறது முறையில்ல. என்னிக்காவது ஓபி பக்கம் வந்தாங்கன்னா முதல்ல அவங்ககிட்டதான் காட்டணும்.

இன்னொரு விஷயம். அச்சுல எல்லாம் இடவலம் மாறும்ங்கிறதை மறந்துட்டேன். பாட்டி வீசினது வலது கை, தாள்ல வந்தது இடது. ஞாயிறு டியூட்டி இல்லன்னா திரும்ப ஆரம்பிக்கணும்.